கீரையைத் தடுத்தவர் கொண்டுவந்த போத்தல்

பச்சை மூடி போட்ட அந்தப் போத்தல் போன மாதம் வரை என் ராத்தா வீட்டுப் பிரிட்ஜின் மேல்தான் இருந்தது. உள்ளே மஞ்சள் நிறச் சின்ன மருந்துக் குளிசைகள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் எனக்கு அளவு சேராத உடுப்பு. என் வயிறு வாசலுக்குள் நுழைந்து சற்று நேரம் கழித்தே நான் நுழைவதால், நான் ஏசினாலும் சனம் சிரிக்கும்.

மச்சான், அதாவது என் அக்கா ராத்தாவின் புருஷன், பொன்னாங்காணிக் கீரை வதக்கிய சுண்டல் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர். கழுத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து மருந்து ஏற்றத் தொடங்கியதும் சுகம் விசாரிக்க ஊரே வந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டி, ஆளுக்கொரு வைத்தியம். கத்தாரிலிருந்து திரும்பிய மாமா ஒருவர் போனில் வீடியோ காட்டினார். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற ஃபோலேட் என்ற சத்தைத் தின்றுதான் கட்டி வளருமாம். டொக்டரிடம் கேட்போம் என்றேன். "நீ ஒன்ட வயித்தப் பாரு" என்றார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றோடு கீரை நின்றது, பருப்பு நின்றது, தோடம்பழமும் நின்றது. மச்சான் வெறுங்கஞ்சியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "கட்டியப் பட்டினி போடுறாங்களாம் மச்சான். அதுக்குப் பசிக்குதோ தெரியா. எனக்குப் பசிக்குது."

அவர் மெலிந்து முகம் வெளிறியதும் அதே மாமா திரும்பி வந்தார், ரத்தம் ஊறுமென்று கத்தாரில் வாங்கிய அந்தப் போத்தலோடு. உள்ளே இருந்தது ஃபோலிக் அமிலம். கீரையில் இருக்கிற அதே சத்து, குளிசையாக. சோற்றுக் கோப்பையில் வந்தால் எதிரி, விமானத்தில் வந்தால் மருந்து. ராத்தா பாவம், நம்பிக் கொடுத்தாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க ஏத்துற மருந்தே கட்டி அந்தச் சத்தப் பாவிக்க விடாம மறிக்கிறதுக்குத்தான். இத அள்ளிப் போட்டா மருந்துக்கு எதிரா வேலை செய்யலாம். கேக்காம என்னத்துக்குக் குடுத்தீங்க?" கீரையை நிறுத்தியதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "சாப்பாட்டுக் கீரைய ஆர் வேணாம் எண்டது? இந்த உடம்புக்கு நான் எப்பிடி மருந்து ஏத்துற?" மருந்து ஏற்றுவதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்.

அன்றே ராத்தா கீரை சுண்டினாள். அதற்குள் முந்திய மருந்தால் மச்சானுக்கு வாயெல்லாம் புண். கீரையை மணந்து பார்த்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீ தின்னு மச்சான். நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

தின்றேன். என் வாழ்க்கையில் ருசி தெரியாமல் தின்ற ஒரே சோறு அது.

அவர் மவுத்தாகிக் கண்மூடியது நோயால்தான். அது அல்லாஹ்வின் நாட்டம், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அவருடைய கடைசிக் கீரைச் சோற்றைப் பறித்தவர்கள் மனிதர்கள். அந்த வழக்கு எனக்கு இன்னும் முடியவில்லை.

போன மாதம் மாமா ராத்தா வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். பொன்னாங்காணிச் சுண்டலை மறுகாவும் ஒரு தரம் போட்டுத் தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்தப் போத்தல் கிடக்கா மகன்? நிந்தவூர்ல ஒராளுக்குக் கட்டியாம்."

எடுத்தேன். குளிசைகளைக் குப்பையில் கொட்டினேன். போத்தலைக் கழுவித் துடைத்து, மிஞ்சிய சுண்டலை அள்ளி நிரப்பி, பச்சை மூடியை இறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"இதக் குடுங்க மாமா. வாயத் திறந்து ஒண்டும் செல்லாமக் குடுங்க."

என் வயிறு எப்போதும்போல எனக்கு முன்னால்தான் நின்றது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.