கழுவி வைத்த மீன்

ஐஸ்காரருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஏரிக்கரையில் எல்லோருக்கும் அவர் ஐஸ்காரர். படகுகள் கரை சேரும்போது அவருடைய பேக்டரியில் ஐஸ் தயாராக இருக்க வேண்டும். மெஷின் ஒருநாள் மக்கர் செய்தால் ஊர் மீனெல்லாம் நாறிப்போகும். அந்தத் திமிர் மனிதருக்குக் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டுமே, தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஏரிக்கு மேலே, மேட்டில், ஒரு சுரங்கக் கம்பெனி. தாமிரம் எடுத்தபின் மிஞ்சும் விஷச் சேற்றைக் குட்டை கட்டித் தேக்கி வைத்திருந்தார்கள். குட்டையின் கரை விரிசல் விட்டிருப்பதை அவர்களுடைய இன்ஜினீயரே எடுத்துச் சொன்னார். கேட்டார்களா? இன்னும் ஊற்றினார்கள். மழை பிடித்த ஒரு நாளில் கரை உடைந்து மொத்தமும் ஏரிக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் தண்ணீர் தெரியாத அளவுக்கு மீன்கள் மல்லாந்து கிடந்தன. ஐஸ்காரர் முழங்கால் ஆழத்தில் நின்று ஓவென்று அழுதார். பெற்ற அப்பன் போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை என்பாள் அவர் மனைவி.

வழக்கு நடந்தது. விபத்து என்று முடித்துவிட்டார்கள். கம்பெனி ஏதோ அபராதம் கட்டியது. ஊற்றச் சொல்லி உத்தரவு போட்ட பெரிய மேனேஜரோ, பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு தேசம் போனார். ஐஸ்காரருக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளைக் குற்றவாளிக் கூண்டில் பார்க்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஊருக்காக வாதாடிய வக்கீலம்மா அப்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இயற்கையை இப்படி அழிக்கறதை, போர்க்குற்றம் மாதிரி, உலகக் கோர்ட்ல குற்றமா ஆக்கணும்னு சில நாடுகள் கேட்டுக்கிட்டிருக்காங்க ஐயா. அது வந்துட்டா, கம்பெனி பணத்தைக் கட்டிட்டுத் தப்பிக்க முடியாது. ஆளே கூண்டுல ஏறணும்."

போதாதா! மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மீனில்லாத ஊரில் ஐஸுக்கு ஏது வேலை? பேக்டரியை மூட வேண்டியதாயிற்று. ஆனால் வீட்டின் பின்கட்டில் ஒரு ஃப்ரீசர் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு ஐஸ் கட்டி. அதற்குள் அந்தக் காலையில் பொறுக்கிய கெண்டை மீன்கள். உலகக் கோர்ட்டுக்கு அவர் வைத்திருந்த சாட்சி! வக்கீலம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. சமயம் பார்த்துக் காட்டி அசத்த வேண்டுமாம். கரண்ட் போனால் போதும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைக் கேட்டு ஓடுவார்.

"எனக்குச் சக்களத்தி வந்துட்டா. நான் காய்ச்சலா கெடந்தப்ப இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களா?" என்பாள் மனைவி.

"அவ உன்னை மாதிரி எந்நேரமும் பேச மாட்டா. பேச வேண்டிய எடத்துல பேசுவா."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, "இவர் அந்தச் சட்டத்துக்காகவே உசிரை வெச்சுக்கிட்டிருக்கார், நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்கம்மா" என்றாள்.

வக்கீலம்மா வந்தார். காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்தச் சட்டம் வரும்னு நானும் நம்பறேன். நாளாகும். ஆனா வந்தாலும், வந்ததுக்கு அப்புறம் நடக்கறதுக்குத்தான் செல்லும். முன்னாடி நடந்ததுக்கு அந்த ஆளைக் கூண்டுல ஏத்த முடியாது. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ஐஸ்காரர் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, இன்னொரு ஏரி சாகணுமா?"

வக்கீலம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, வாங்க. உங்களுக்குன்னு வெச்சிருந்தது. பாத்துட்டாவது போங்க" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்தார். ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. மீன்களின் ஒவ்வொரு செதிலும் தெரிந்தது.

வக்கீலம்மா அசந்துதான் போனார். "ஏரித் தண்ணியிலயே உறைய வெச்சீங்களா ஐயா?"

"சேச்சே, அந்தச் சாக்கடையிலயா? நல்ல கிணத்துத் தண்ணி. மீனையும் ஒண்ணொண்ணா எடுத்து, செவுளுக்குள்ள விரலை விட்டு, சேறு துளி இல்லாம தேய்ச்சுக் கழுவி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஐஸுக்குள் ஒரு தூசு தெரிந்தாலும் படகுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அதற்குப் பழகிய கை. மீன்களைக் கொன்ற சேற்றை, சாட்சி சொல்ல வேண்டியதை, நாமே கழுவி ஊற்றியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சதையில கொஞ்சம் விஷம் இருக்கும் ஐயா" என்றார் வக்கீலம்மா. மனைவி புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐஸ்காரர் மூடியைச் சாத்தினார்.

"அந்த மேனேஜர் இப்ப இருக்கற எடத்துலயும் சுரங்கம்தானா?"

"ஆமாங்க. அங்கயும் மேட்டுலதான் குட்டை. கீழ ஒரு ஏரி."

"அந்தக் கரையிலயும் ஐஸ் போடறவன் ஒருத்தன் இருப்பான்ல?"

"இருப்பாங்க ஐயா."

"அவன்கிட்ட எப்படியாவது சொல்லி அனுப்புங்கம்மா. கரை உடைஞ்சா அழுதுக்கிட்டு நிக்க வேணாம், வாளியோட ஓடச் சொல்லுங்க. ஏரித் தண்ணியிலயே உறைய வெக்கணும். மீனைக் கழுவக் கூடாது. சரின்னுதான் சொல்லுவான், ஆனா ஐஸ் போடற எங்க கை கேக்காது. அதனால ரெண்டு தடவையா சொல்லுங்க."