பிடியில் மூட்டை இல்லை

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, தஞ்சாவூர் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். ஊருக்கு வெளியே உள்ள அரிசி ஆலையில் மூட்டை அடுக்கும் ரோபோ கையை நான் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேலை செய்ய மட்டும் முடிந்தது.

ரோபோ நின்றது. பிடியில் மூட்டை இல்லை என்று திரையில் வந்தது. ரோபோவைச் சுற்றிப் போட்டிருக்கும் பாதுகாப்பு வேலியின் கதவு மூடியிருப்பதாகவும் காட்டியது. ஆலை ஆபரேட்டர் போனில் அவசரப்பட்டார்.

"சார், லாரி நிக்குது. நீங்க அலாரத்த எடுத்து விடுங்க, நான் ஸ்டார்ட் பண்ணிடறேன்."

நழுவி விழுந்த மூட்டை கிழிந்திருக்கும். அரிசி தரையில் கொட்டினால் எங்கள் பக்கம் யாரும் அதை மிதிபட விடமாட்டார்கள். வேலிக்கு அடியில் நுழைந்தாவது அள்ளுவார்கள்.

"உள்ள யாராவது இருக்காங்களான்னு போய்ப் பாருங்க."

"கதவு சாத்தித்தான் சார் இருக்கு."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

சற்று நேரத்தில் அவர் கத்துவது கேட்டது. "யக்கா, வெளிய வாங்க! அது அடிச்சா என்னாவுறது?"

"கத்தாத தம்பி. சோத்த மிதிக்கச் சொல்றியா? இன்னும் ஒரு மொறம் அரிசிதான்," என்றார் ஆலையில் கூட்டும் அம்மாள்.

அந்த அம்மாள் வெளியே வந்துவிட்டதாக ஆபரேட்டர் சொன்ன பிறகே அலாரத்தை நீக்கினேன். திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

என் அம்மா அங்கே இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் அரிசி அள்ள உள்ளே நுழைந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. அடுத்த மூட்டையைக் கை சரியாகப் பிடித்ததா என்று பார்த்துவிட்டு, கூடத்துக்குப் போனேன்.