வெண்கலம் சத்தம் போடாத நாள்

எங்கள் பகுதியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவளுக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, தொண்டை வாங்கித் தந்தது. அவள் முதல் தெருவில் "தக்காளீ" என்று கூவினால் மூன்றாவது தெருவில் உலை கொதிக்கும். நம்பாதவர்கள் உலையைப் போய்க் கேட்கலாம்.

அவள் கணவர் தையல்காரர். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துவார். மருத்துவர் கையில் ஊசியைக் கண்டால் மட்டும் மாயமாகிவிடுவார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மாதத்தில் பாதி நாள் கன்னம் பூசணிக்காயாக இருக்கும். பல் மருத்துவரிடம் போக இரண்டு பேருந்து மாற வேண்டும், அன்றைய கூலியும் போகும். ஆகவே எங்கள் பக்கம் பல்வலிக்குக் கிராம்பைக் கடிப்பார்கள், கடிக்கப் பல் இருக்கிறவரை.

வசதி குறைந்த இடங்களில் மருத்துவத்துக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது என்று வெண்கலத்தின் காதில் விழுந்தது. வண்டியோடு அவர்கள் அலுவலக வாசலுக்கே போய் நிலைமையை விளக்கினாள். மேல்மாடி அதிகாரியம்மா படியிறங்கி வரத் தேவையே இருக்கவில்லை. நிதி கிடைத்தது. எங்கள் தெரு வாசகசாலையின் பின்னறைக்கு ஒரு பல் நாற்காலியும் ஓர் இளம் டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தார்கள்.

உட்காரத்தான் ஆள் வரவில்லை. எட்டிப் பார்ப்பார்கள். இடுக்கி கண்ணில் படும். உடனே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து ஓடுவார்கள். அந்த வாரம் பொங்கியதாகச் சொல்லப்பட்ட பாலைச் சேர்த்திருந்தால் படகு விட்டிருக்கலாம்.

அதிகாரியம்மா சொல்லியனுப்பினார்: சனிக்கிழமை வந்து பார்ப்பேன், யாருக்கும் வேண்டாமென்றால் நாற்காலியை வேறு பகுதிக்குக் கொடுத்துவிடுவோம்.

வெண்கலம் விடுவாளா? வாதாடி வாங்கிய நாற்காலியாயிற்றே! அவளுக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை, "நானே முதல்ல உக்காரப் போறேன்" என்றாள்.

கணவர் பதறினார். "நீ கத்துவே. நீ கத்துனா அடுத்த ஊர்க்காரன்கூட இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்."

"மூச்சு விடமாட்டேன். பாருங்க."

கதவு மூடியது. வெளியே தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. முதலில் சிரித்தவர்கள் சிறிது நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"பல்லோட நாக்கும் வந்துடுச்சோ?"

தையல்காரரின் முகம் வெள்ளைத் துணியானது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ்வளவு நேரம் அவ சும்மா இருந்ததே இல்லை! என்னமோ ஆயிடுச்சு!" என்று அலறிக்கொண்டு கதவைத் தள்ளினார். பின்னாலேயே தெரு முழுவதும் உள்ளே புகுந்தது.

வெண்கலம் வாய் நிறையப் பஞ்சோடு மகாராணி மாதிரி சாய்ந்திருந்தாள். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தபடி வலிக்காகக் காத்திருந்தாள். பல்லோ தட்டில் கிடந்தது.

"எல்லாம் முடிஞ்சுதும்மா, இறங்குங்க" என்றார் டாக்டரம்மா.

"வலிக்கலையா?" என்றார் கணவர்.

இல்லையென்று தலையாட்டியவள் இறங்கிவந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினாள். அவர் போட்ட கூச்சலில் சுவர்ப்பல்லி வாலை விட்டுவிட்டுப் போயிற்று.

"அண்ணே, நான் இன்னும் விளக்கே போடலை!" என்றார் டாக்டரம்மா.

அறை சிரிப்பில் அதிர்ந்தது. யாரும் பால் பொங்குகிறது என்று சொல்லவில்லை. "சீக்கிரம் முடிச்சுக்கிட்டு எந்திரிங்கண்ணே, அடுத்து நான்" என்று பின்னாலிருந்து இடித்தார்கள்.

அப்போதுதான் அதிகாரியம்மா வந்தார். வாசலிலேயே ஒரு கிழவர் மறித்தார். "வரிசை தெரியலையா தாயி?"

"நான் அறக்கட்டளையிலேர்ந்து வரேன்."

"எங்கேயிருந்து வந்தா என்ன, பல்லுதானே?"

எப்படியோ நுழைந்து உள்ளே வந்தவர் கூட்டத்தைக் கண்டு பூரித்துப்போனார். பிறகு டாக்டரம்மாவிடம் மெல்ல, "எனக்கும் ஒரு பல் குடையுது. வந்ததுதான் வந்தேன், முதல்ல என்னைப் பாத்துடறீங்களா?" என்றார்.

வெண்கலம் பஞ்சை உருவினாள்.

"அம்மா, உங்க ஆபீஸ் தெருவுலயே அஞ்சு பல் டாக்டர் போர்டு மாட்டியிருக்காங்க. எங்களுக்கு இருக்கறது இந்த ஒரே நாற்காலி. நாங்க முடிச்சப்புறம் வாங்க!"

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். "அப்போ நாற்காலியைத் தூக்கிட்டுப் போக விடமாட்டீங்க?"

"தொட்டுத்தான் பாருங்களேன்!"

"முதல்ல பஞ்சை வாயில வைங்கம்மா!" என்று கத்தினார் டாக்டரம்மா.