தலை நிமிர்ந்த முஸ்தகீம் பாய்

தாஜ்மகாலின் பளிங்குத் தரையில் முஸ்தகீம் பாய் மண்டியிட்டு, காதை ஒட்டவைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். மும்தாஜுக்காக அழுகிறார் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய் நிமிர்ந்து எங்களிடம் சொன்னார்: "ஒரு கல்லுகூட உள்ள காலியா சத்தம் குடுக்கலடா. கலவையை அள்ளி அள்ளிப் போட்டிருக்கானுங்க."

டைல்ஸ் போடுகிறவர். எங்கள் ஃபிரோசாபாத்தில் பாதி வீடுகளின் தரை அவருடையது. லீவு கிடைத்தால் என்னையும் என் கூட்டாளி பப்பனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எங்கே போனாலும் நாங்கள் குவிமாடத்தைப் பார்ப்போம். அவர் எங்கள் கால்களைப் பார்ப்பார், நகரச் சொல்வதற்காக. ஃபதேபூர் சிக்ரியில் பஞ்ச மகாலை ஒரு மணி நேரம் சுற்றினார். ஐந்து அடுக்காமே என்றேன். "மேல வேற இருக்கா?" என்றார். பேனா குத்தும் பையில், தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டம். சரித்திரம் எனக்கும் வராது, அவருக்கும் வராது; ஆனால் அக்பர் காலத்து மேஸ்திரிகளைப் பக்கத்துத் தெருக்காரர்களைப் போலத் திட்டுவார்.

முப்பத்திரண்டு வயதாகியும் நிக்காஹ் ஆகவில்லை. மூன்று வீடுகளில் பெண் பார்க்கப் போய், டீ வருவதற்குள் அவர்கள் தரையில் குறை சொல்லிக் கெடுத்துக்கொண்டவர். அதனால் நாலாவது பெண்ணை வீட்டில் பார்க்கவே வேண்டாம் என்று அவருடைய அக்கா முடிவு செய்தாள். அவள் யோசித்து யோசித்துப் பிடித்த இடம் சிக்கந்தரா, அக்பர் சமாதித் தோட்டம். "இதுவும் போச்சுன்னா இனிமே நான் பாக்க மாட்டேன்" என்றும் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் நான் சும்மா ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். தலை குனிந்து நடக்கிற ஆண்களைக் கண்டாலே பெண்ணின் அப்பாவுக்கு ஆகாதாம், திருட்டுப்பயல் என்பாராம். பாய் நம்பிவிட்டார்.

சிக்கந்தராவில் வானத்தைப் பார்த்தபடியே நடந்தார். பெண்ணின் அப்பாவுக்குச் சொன்ன சலாம் வாசல் மினாருக்குப் போய்ச் சேர்ந்தது. பூசணி மிட்டாயை நீட்டினார்கள். பார்க்காமல் கை நீட்டிப் பெண்ணின் அம்மாவுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துவிட்டார். பையனுக்குக் கழுத்தில் ஏதும் கோளாறா என்று பெண்ணின் அப்பா பப்பனைத் தனியே கேட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"நான் சொன்னது பொய் பாய், குனிங்க" என்று முணுமுணுத்தேன். இதுதான் பொய் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்தார்.

பெண்ணின் பெயர் தபஸ்ஸும். வளையல் பட்டறையில் வேலை. வளையல்களை ஒன்றோடொன்று தட்டி, விரிசல் விட்டதைச் சத்தத்திலேயே பிரிக்கிறவள். அப்பா பாயிடம் மாத வருமானத்தை விசாரித்துக்கொண்டிருக்க, அவள் திடீரென்று நின்றாள். செருப்பு நுனியால் தரையில் ஒரு சிவப்புக் கல் பலகையை இரண்டு தரம் தட்டினாள்.

"அம்மா, இந்தக் கல்லு மட்டும் வேற மாதிரி பேசுதுல்ல?"

பாயின் கழுத்து சட்டென்று இறங்கியது. மண்டியிட்டார். காதை வைத்தார், தட்டினார். மேலே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வருங்கால மாமனாரை, உதட்டில் விரல் வைத்து அடக்கினார். பிறகு எழுந்திருக்காமலே கொஞ்சம் நகர்ந்து, புதுச் சட்டையின் கையால் கல்லைத் துடைத்து, அவள் காது வைப்பதற்கு இடம் விட்டார்.