பிள்ளையார் வராத சனிக்கிழமை

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரானிக் நடன இசையை ரேடியோவில் போட்டுப் பிழைத்தவள் நான். பிழைத்தவள் என்றால் ஏதோ ஒப்பேற்றியவள் இல்லை, ஜோராகப் பிழைத்தவள். வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தொடங்கியது, இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு அத்துப்படி. "இங்க யாருங்க அதைக் கேக்குறது?" என்பது அடுத்த கேள்வி. நெல் விளைகிற ஊரில் இதற்கெல்லாம் ஆளில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் யார் கேட்டார்கள் என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறையில். அத்தா பல வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்து கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்தவர். என்ஜினியரிங் படிக்கத் தஞ்சாவூருக்கு வந்த இடத்தில், ஹாஸ்டல் தோழி ஒருத்தி என் காதில் இயர்போனை மாட்டிவிட்டாள். பாட்டு வரி கிடையாது. தாளம் ஒன்று மெல்ல ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, ஓரிடத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடுகிறது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அப்புறம் தொம்மென்று மொத்த அடியும் வந்து இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு டிராப் என்று பெயர். எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடமும் கேட்கக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"இது என்னடி, பாட்டா, மாவு மில்லா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மாவு மில் என்றே பெயர்.

படித்த படிப்பை விட்டுவிட்டு ரேடியோவில் சேர்ந்தேன். காலை நிகழ்ச்சி என்னுடையது. மேட்டூர் நீர்மட்டம், கல்லணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், உரக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, நடுநடுவே சினிமாப் பாட்டு. இரண்டு வருடம் சளைக்காமல் செய்தேன். ஆனால் மாதம் தவறாமல் மேலாளர் அறைக்குப் போய், எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், நடன இசை போட்டுக் காட்டுகிறேன் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மேலாளர் திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரர், சொந்தத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. தங்கமான மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. பொங்கல் முடிந்த ஒரு நாள் என் தொல்லை பொறுக்காமல் சொன்னார்.

"ஏம்மா, சனிக்கிழமை மத்தியானம் ரெண்டுலேருந்து மூணு. எடுத்துக்க. அந்த நேரத்துல டெல்டாவே சாப்பிட்டுட்டுப் படுத்துக் கெடக்கும். காக்கா கூட கேக்காது."

"கேப்பாங்க சார்."

"அப்படியா? சரி, மாசி முடியிற வரைக்கும் பாப்போம். நிகழ்ச்சி ஓடுற நேரத்துல ஸ்டுடியோவுக்குப் போன் வரணும். அதைத்தான் நான் கணக்குல எடுப்பேன். வரலேன்னா மூட்டையைக் கட்டிட்டு வாழ்த்து நிகழ்ச்சிக்கே போயிடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாயால் கெடுகிறோமோ என்று அப்போதே ஒரு பயம் இருந்தது. ஆனால் அதை யாரிடமும் காட்டவில்லை.

ஸ்டுடியோவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஒலிபரப்பில் சத்தமே இல்லாமல் போனால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பன்னிரண்டு விநாடிக்கு அப்படியே இருந்தால், என்னவோ கோளாறு என்று அதுவாகவே முடிவுசெய்து, தயாராக வைத்திருக்கும் ஒரு பாட்டைப் போட்டுவிடும். எங்கள் நிலையத்தில் அது பிள்ளையார் மேல் ஒரு பக்திப் பாட்டு. தடங்கல் என்றால் பிள்ளையார்தானே என்று எவரோ எந்தக் காலத்திலோ வைத்தது. சினிமாப் பாட்டில் பன்னிரண்டு விநாடி மௌனம் எங்கே வரப்போகிறது? அந்தப் பெட்டியை நான் மறந்தே போயிருந்தேன்.

முதல் சனிக்கிழமை. முதல் இசை. தாளம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், காதில் விழாத முனகலாகத் தேய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு டிராப்புக்காகக் காத்திருந்தேன். தொம்மென்று இறங்க வேண்டிய இடத்தில் கணீரென்று கோயில் மணி அடித்தது. பின்னாலேயே நாதஸ்வரம். ஐந்து கரத்தானைக் கூப்பிட்டு ஒருவர் உருகி உருகிப் பாட ஆரம்பித்துவிட்டார். ஐயோ! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையெதையோ அமுக்கி நான் மீள்வதற்குள் பல்லவி முடிந்துவிட்டது. மீண்டது எங்கே என்றால், நேராக டிராப்புக்கு நடுவில்.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது! பிள்ளையாரைக் கொண்டுபோய் டிஸ்கோவுல விட்டுட்டியே!" அவர் போவதற்குள் என் கைப்பேசியில் அம்மா. "பிள்ளையார் பாட்டு நீ போட்டதா?" இல்லம்மா, அதுவா வந்துச்சு என்றேன். "எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான். நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது.

மிச்ச நேரத்தை எப்படியோ ஓட்டி முடிக்கப் போகையில் ஸ்டுடியோத் தொலைபேசி அடித்தது. மணி இரண்டு ஐம்பது.

"வணக்கம் மேடம். நான் அறுவடை மெஷின் டிரைவருங்க. சேலத்துப் பக்கம், சீசனுக்கு இங்க வந்திருக்கோம். சாப்பிட இப்பத்தான் வண்டிய நிறுத்துனேன், அதான் கூப்பிடுறேன். இந்த மியூசிக் அருமைங்க. அதுலயும் திடீர்னு பிள்ளையாரைக் கொண்டாந்தீங்க பாருங்க, கரெக்டா அங்கதான் நான் வரப்போரமா வண்டியத் திருப்புனேன். எப்படிங்க தெரிஞ்சுது?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. இதில் என்னங்க பிடித்தது என்று மட்டும் கேட்டேன்.

"வண்டி சத்தத்துல பாடுறவங்க குரல் காதுல ஏறாதுங்க. சினிமாப் பாட்டுப் போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கும். இது அடி மட்டும் சீட்டு வழியா முதுகுல ஏறுது. சோறு தின்னதும் கண்ணு சொக்கும் பாருங்க, அதுக்கு இது தேவலை."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலைப் பனியில் கதிர் நனைந்திருக்கும், வெயில் ஏறிக் காய்ந்த பிறகுதான் மெஷின் வயலில் இறங்கும். மத்தியானம் இரண்டு மணி என்பது அவர்களுக்கு உச்ச வேலை நேரம். டெல்டாவே படுத்துக் கிடக்கும் என்றாரே மேலாளர், டெல்டாவை அறுத்துக்கொண்டிருப்பவர்கள் படுக்கவில்லை.

மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருவையாற்றுப் பக்கம் போனேன். அறுப்பு நடக்கிற வயலாகப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி, மெஷினில் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். தலையெல்லாம் தூசு, உடம்பெல்லாம் அரிப்பு. கைப்பேசியில் இருந்த இசையை ஒவ்வொன்றாக அவருடைய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். ஹாஸ்டலில் நான் உருகி உருகிக் கேட்ட மெல்லிய மணியோசை எல்லாம் என்ஜின் சத்தத்தில் காணாமல் போயின. தடித்த அடி மட்டும் தாக்குப்பிடித்தது. இசைக்கு மேல் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மெஷின் போய்த் திரும்ப எத்தனை நிமிடம் என்றும் பார்த்துக்கொண்டேன். பெரிய பட்டணத்து ரேடியோக்காரர்கள் யாரும் இப்படி வயலில் உட்கார்ந்து இசை பொறுக்கியிருக்க மாட்டார்கள். நான் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நிகழ்ச்சியே வேறு. தடித்த அடியாகப் பார்த்துப் போட்டேன். பேச வேண்டுமென்றால் இசையை முழுதாக நிறுத்திவிட்டு, நாலே சொல், நிதானமாகப் பேசினேன். மௌனத்தைப் பன்னிரண்டு விநாடிக்குள் முடித்துக்கொண்டேன். பிள்ளையாருக்கும் எனக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம்.

எல்லாம் சரி, போன் வரவில்லை. எப்படி வரும்? ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை லீவரில். வண்டியை நிறுத்தினால் வயல்காரர் சண்டைக்கு வருவார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று குரல் பதிவுகள் வரும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் மேலாளர், "நிகழ்ச்சி நேரத்துல வந்துச்சா? இல்லேல்ல?" என்பார். அழைப்புகளை எழுதும் நோட்டில் என் பக்கம் முதல் வாரத்து ஒற்றை வரியோடு நின்றது. வாழ்த்து நிகழ்ச்சியின் பக்கமோ நிரம்பி வழிந்தது.

மாசிக் கடைசி வெள்ளி. மேலாளர் கிளம்பும்போது என் மேசை அருகே நின்றார். "நாளைக்கு எங்க வயல்ல அறுப்பு, நான் வர மாட்டேன். பின்னாடி நட்டது, இப்பத்தான் மெஷினே கெடச்சுது. உன் நிகழ்ச்சியையும் நாளையோட முடிச்சுக்கம்மா. வருத்தப்படாத, என்ன?" வருத்தமெல்லாம் இல்லை சார் என்றேன். போய்க் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. இரண்டே முக்காலுக்கு இசையை நிறுத்தினேன். என்ன பேசுவது என்று எழுதி வைத்திருக்கவில்லை.

"மெஷின் ஓட்டுற அண்ணன்களே, இன்னிக்கு இதுதான் கடைசி. யாரும் கேக்கலைன்னு சொல்றாங்க. நீங்க கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். போன் பண்ண வேணாம், கை லீவர்ல இருக்கும். அடுத்த மியூசிக்ல எல்லாம் அடங்கி நிக்கிற எடத்துல ஹார்ன் அடிங்க. எனக்குக் கேக்காது. ஆனாலும் அடிங்க. அடிச்சீங்கன்னு நான் நெனச்சுக்கிறேன்."

தாளம் ஏறியது. நின்றது. எனக்கு ஏசி சத்தம் மட்டும் கேட்டது. டிராப் இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன். தொலைபேசி அடித்தது.

"ஏம்மா! என்னத்தச் சொல்லித் தொலைச்சே ரேடியோவுல?" மேலாளர். மூச்சு வாங்கியது. "என் வயல்ல வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். பக்கத்து வயல்லயும் அடிக்கிறான். வாய்க்காலுக்கு அந்தாண்ட எத்தனை பேருன்னே தெரியல. கொக்கெல்லாம் மொத்தமாப் பறந்துடுச்சு. மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது!"

"சார், வைக்காதீங்க. போனை அப்படியே வயலைப் பார்த்து நீட்டிப் பிடிங்க. ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். என்ன நினைத்தாரோ, மறுக்கவில்லை.

மைக்கைத் திறந்து, "அண்ணன்களே, இன்னொரு தரம்" என்றேன். அடுத்த இசையைப் போட்டேன். ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போனது. இந்தத் தடவை நான் தேய விடவில்லை. இசையை மொத்தமாக இறக்கிவிட்டுத் தொலைபேசியின் ஒலியை மேலே ஏற்றினேன்.

முதல் விநாடி ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் ஒரு ஹார்ன், மிகப் பக்கத்தில். இன்னொன்று தள்ளி. அதற்கும் அப்பால் மெல்லியதாக இரண்டு, நாலு, எண்ண முடியவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான் பெட்டியைப் பார்த்தேன். பிள்ளையார் வரவில்லை. பதின்மூன்று, பதினான்கு. ஒலிபரப்பில் சத்தம் இருந்தது, அது வயலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஹார்ன்களுக்கு நடுவே, தான் ஒலிபரப்பில் இருப்பது தெரியாமல், மேலாளரின் குரல் டெல்டா முழுக்கக் கேட்டது.

"அடேங்கப்பா... இத்தனை பேரா கேக்குறாங்க!"

நான் இசையை ஏற்றினேன். தொம்மென்று இறங்கியது. தனியாக அந்த அறைக்குள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று அழுதேன், சிரித்தேன், கொஞ்சம் ஆடக்கூடச் செய்தேன். வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் சம்பாதித்தது அது.

மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள். "மாவு மில்லு இன்னிக்கு நல்லா ஓடுச்சேடி" என்றாள்.

அதற்குப் பிறகு நோட்டை எடுத்து என் பக்கத்தைத் திறந்தேன். நிகழ்ச்சி நேரத்தில் வந்த அழைப்பு ஒன்று என்று எழுதினேன். அழைத்தவர் என்ற இடத்தில், நிலைய மேலாளர் என்று எழுதினேன். திங்கட்கிழமை அவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.