வாங்க என்று கேட்காத நாள்

என் மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அசதியைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. வேலை செய்து வரும் அசதி படுத்து எழுந்தால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது. பல் துலக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்வேன். அடுத்து சேலை மாற்ற வேண்டும் என்று நினைப்பதற்குள் மதியமாகிவிடும். அதில் வருத்தம்கூட இல்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்குந்தான் அசதியா இருக்குது. படுத்தே கெடந்தா அப்படித்தான். எந்திரிச்சு நாலு எட்டு நட" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் லீவு போட்டுக் கூட வருகிறவர். நான் சொல்வதை நம்பத்தான் மாட்டார்.

டாக்டருக்கோ விஷயமே தெரியாது. அவரைப் பார்க்கப் போகுமுன் அசையாமல் படுத்துக் கொஞ்சம் தெம்பு சேர்த்துக்கொள்வேன். நல்ல சேலை, பொட்டு, தலைக்கு ஸ்கார்ஃப். "எப்படி இருக்கீங்க அம்மணி?" என்பார். "நல்லா இருக்கேனுங்க" என்பேன். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. போதாததற்கு, முடியவில்லை என்றால் மருந்தையே நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அப்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து வீட்டுக்காரரின் அக்கா என்னைப் பார்க்க வந்தார். வீட்டுக்கு வந்தவரை எழுந்து நின்று "வாங்க" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சோறு போடுவதைவிட முக்கியம். அதைக் கேட்காமல் விட்டதால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. நான் ஹாலில் படுத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். கொண்டுவந்த காய்கறிப் பையை வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை டாக்டரிடம் நான் வழக்கம்போல் நல்லா இருக்கேனுங்க என்றதும் வீட்டுக்காரருக்குப் பொங்கிவிட்டது.

"எங்க நல்லா இருக்கறா? ஏனுங்க டாக்டர், நீங்களே கேளுங்க. எங்கக்கா அத்தன தூரம் பஸ் ஏறி வந்தாங்க. வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கலீங்க இவ. படுத்துட்டே பாத்துட்டு இருந்திருக்கறா. இத்தன வருசத்துல இப்படிச் செஞ்சதே இல்லீங்க."

பஞ்சாயத்துக்கு வந்தவர் போலத்தான் பேசினார். டாக்டரும் கொங்குப் பக்கத்துக்காரர். பேனாவைக் கீழே வைத்தார்.

"வாங்கன்னே கேக்கலீங்களா?"

"இல்லீங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கோவமா அம்மணி? இல்ல, முடியலீங்களா?"

"முடியலீங்க" என்றேன்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார். நிறுத்தமாட்டேன், பயப்படாதீங்க என்றார். பிறகு வீட்டுக்காரரிடம், "இது சோம்பேறித்தனம் இல்லீங்க. இந்த வியாதிக்கும் மருந்துக்கும் இப்படி ஆகும். தூங்குனா சரியாப் போற அசதி இல்லீங்க இது" என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார்.

காரில் ஏறியதும் அவர் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு வாய் தொறக்கக்கூட முடியலையாமா. டாக்டரே சொல்லிப்போட்டாரு."

மாதக்கணக்கில் அதையேதான் நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம் வர வேண்டிய இடம். கண்ணை மூடிக்கொண்டு அது வரட்டும் என்று காத்திருந்தேன். சரவணம்பட்டியில் எங்கள் வீடு வந்து சேரும்வரை வரவில்லை.