வோல்டேஜ் போச்சு என்கிற சாக்கு

"ஓடுறான் பாரு, ஓடுறான்!" என்று அத்தான் கத்தினால் பாபநாசம் கடைத்தெரு வரை கேட்கும். அக்காவின் கணவர். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிச் சரிசெய்யும் கடை வைத்திருந்தார். மிச்ச நேரமெல்லாம் கணினி முன் உட்கார்ந்து, இணையத்தில் போர் விமானம் ஓட்டுவார். அந்த ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்பதால், மற்றவர்கள் எப்படிப் பறந்தாலும் அவருக்குக் குற்றம்தான். உயரத்திலேயே சுற்றி, இறங்கிச் சுட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுகிறவன் கோழை. மவுஸில் ஓட்டுகிறவன் விமானியே இல்லை. சண்டை நடுவே காணாமல் போகிறவனை மனுஷனாகவே மதிக்கமாட்டார்.

அவருடைய குழுவில் வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி ஆட்களெல்லாம் இருந்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை திருத்துறைப்பூண்டிக்காரர் பாதியில் மறைந்து, திரும்பி வந்து, "சுத்துவட்டாரத்துல எல்லாரும் மோட்டாரப் போட்டுட்டாங்க, வோல்டேஜ் போச்சுண்ணே" என்றார். வோல்டேஜ் இறங்கி எரிந்துபோன மோட்டார்களால்தான் அத்தான் வீட்டில் அடுப்பே எரிந்தது. அப்படிப்பட்ட அத்தானே, "சாக்கு சொல்லாதடா. செத்தாலும் சீட்ல உக்காந்து சாவு" என்று திருத்துறைப்பூண்டிக்காரரைக் குழுவிலிருந்து நீக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பின் யார் என்ன காரணம் சொன்னாலும் சிரிப்பதும் நீக்குவதுமே அங்கே வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டத்தின் நடுவில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளூரில் அவருக்குச் சிநேகிதர் என்று ஒருவரும் இல்லை. உடலைக் கூடத்தில் கிடத்தியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தக் குழுவுல உள்ளவங்கதான்டா அவருக்கு எல்லாம். சொல்லிடு. வந்து ஒரு தடவ மூஞ்சியப் பாக்கட்டும்."

கணினி இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு அத்தானின் ஹெட்போனை மாட்டினேன். அடுத்த ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அத்தான் இறந்துவிட்டார், சாயங்காலம் எடுக்கிறோம், வாங்க என்று சொன்னேன்.

"நடுவுல ஓடிட்டு, ஆள விட்டுப் பேசச் சொல்றாருய்யா!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். "இந்தச் சாக்கு புதுசா இருக்கே" என்றார் இன்னொருவர். சத்தியமா செத்துட்டாருங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தானின் பெயரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வெளியே வந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். வருகிறார்களாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் பாடை தயாராகிவிட்டது. இருட்டப் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. வேளாங்கண்ணியிலேருந்து வரணும்ல."